எண்ணை எழுத மாட்டேன்

சென்னை அலுவலகத்துக்கே வந்து வேலை பார்க்கச் சொன்னபோது மாட்டேன் என்றேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பிரியாணிக் கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்கு எடுத்தேன். கம்பெனிகளின் சர்வர்களைக் கிளவுடுக்கு மாற்றிக்கொடுக்கும் வேலையை அங்கிருந்தே செய்கிறேன். "அந்த ஊர்ல உக்காந்துட்டு எப்படிம்மா?" என்று மேனேஜர் கேட்டார். "நெட் இருக்கு சார்" என்றேன். அன்றிலிருந்தே அவருக்கு என்மேல் ஒரு கடுப்பு.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை எங்கள் வாடிக்கையாளர். அவர்கள் சாணார்பட்டி அருகே இன்னொரு மில்லையும் வாங்கினார்கள். இரண்டு மில்லுக்கும் கிளவுடில் தனித்தனி நெட்வொர்க். எந்த ஷிப்டுக்கு யார், யாரை எந்த ஊரில் மில் பஸ் ஏற்ற வேண்டும் என்ற விவரமெல்லாம் பழைய மில்லின் டேட்டாபேஸில் இருந்தது. புது மில் அதைப் படிக்க வேண்டும் என்பதற்காக இரண்டு நெட்வொர்க்கையும் இணைத்தோம்.

இணைத்த பிறகும் புது மில்லின் திரை வெறுமையாகவே இருந்தது. ஐபி எண்ணைப் போட்டுக் கூப்பிட்டால் டேட்டாபேஸ் பதில் சொன்னது. பெயரைச் சொன்னால் இல்லை. காரணத்தைத் தேடினேன். டேட்டாபேஸின் பெயருக்கு உள்முகவரி எது என்று சொல்லும் தனிப் பெயர்ப்பதிவு பழைய நெட்வொர்க்குக்கு மட்டுமே தெரிந்திருந்தது. புது நெட்வொர்க் அதே பெயரைக் கேட்டபோது இணையத்தில் இருக்கும் வெளிமுகவரி கிடைத்தது. அந்த வாசலைப் பாதுகாப்புக்காக நாங்களே பூட்டி வைத்திருந்தோம்.

"எதுக்கும்மா இவ்ளோ யோசனை? புது மில் சர்வர்ல அந்த ஐபி நம்பர எழுதிப் போட்டு முடி. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் மேனேஜர்.

"மாட்டேன் சார். டேட்டாபேஸ மறுபடி அமைச்சா நம்பர் மாறிரும். அன்னைக்கு எல்லாம் நின்னு போகும். ஏன் நின்னுச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"அது அப்ப பாத்துக்கலாம்."

"அப்ப ரோட்டுல நிக்கப் போறது நாம இல்ல சார்."

மொத்தக் குழுவும் அழைப்பில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

புது மில்லில் பஸ்களைக் கவனிக்கும் சூப்பர்வைசர் அம்மா அன்றே போன் செய்தார். "ஏத்தா, என் பிள்ளைக வெயில்ல நிக்குதுக. பஸ்ஸு எந்த ஊருக்குப் போவணும்னே டிரைவருக்குத் தெரியல."

என் பிடிவாதத்துக்காக, மில் வேலைக்குப் போகும் அந்தப் பெண்கள் வெயிலில் நிற்கக் கூடாது. வேலை முடியும்வரை ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் விவரத்தைப் பழைய மில்லிலிருந்து நானே எடுத்து, அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். மேனேஜரிடம் சொல்லவில்லை.

அந்தப் பெயர்ப்பதிவைப் புது நெட்வொர்க்கோடும் இணைக்க வேண்டும். அந்த நெட்வொர்க்கைப் பராமரித்தவர் ஒரு ஒப்பந்தக்காரர். "ரெண்டு மில்லுக்கும் லைன் போகுதுல்ல? எங்க வேல முடிஞ்சுபோச்சு" என்று விலகிக்கொண்டார். மில் நிர்வாகத்திடம் நேராகப் பேசி அனுமதி வாங்கினேன். எல்லோரும் அழைப்பில் காத்திருக்க, இணைத்துவிட்டுச் சோதித்தேன். மீண்டும் அதே வெளிமுகவரி.

"பாத்தியா? இப்பவாவது எழுது" என்றார் மேனேஜர். எழுதியிருந்தால் அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

"எழுத மாட்டேன் சார். நாளைக்கு நேர்ல போய்ப் பாக்குறேன்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன்.

மறுநாள் காலை சாணார்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறினேன். மில் அலுவலகத்தில் ஒப்பந்தக்காரர் அரை மனதோடு தன் திரையைத் திறந்து காட்டினார். பார்த்ததும் புரிந்தது. மில்லை விற்றவர்கள் அந்த நெட்வொர்க்குக்குள் பெயருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ். சர்வர் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார்கள். எந்தப் பெயரானாலும் புது நெட்வொர்க் அதனிடம்தான் கேட்டது. அதுவோ நேராக இணையத்தைக் கேட்டது. நான் இணைத்த பெயர்ப்பதிவை யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அதுல கைய வச்சுறாதீங்க. பிரிண்டரு, எடை மெசினு எல்லாம் அத நம்பித்தான் ஓடுது" என்று அவர் பதறினார். அவர் பயம் நியாயமானது.

"எடுக்கச் சொல்லலண்ணே. இந்த ஒரு பெயர்ப்பதிவப் பத்தி எது கேட்டாலும் கிளவுடோட டி.என்.எஸ்.கிட்ட அனுப்பிரச் சொல்லுங்க. மத்ததெல்லாம் இருக்கறபடியே இருக்கட்டும்."

பிறகு அவரே அந்த விதியைச் சேர்த்தார். சர்வர் நினைவில் வைத்திருந்த பழைய பதிலை அழித்துவிட்டுப் பெயரைக் கேட்டோம். உள்முகவரி வந்தது. பக்கத்து அறையில் சூப்பர்வைசர் அம்மாவின் திரையில் அடுத்த ஷிப்டுப் பெண்களின் பெயர்கள் ஊர்வாரியாக வந்து நின்றன.

"வந்துருச்சு தாயி! அம்புட்டுப் பேரும் வந்துருச்சு" என்று அவர் கத்தியது தறிச்சத்தம்போல் இரைந்த நூற்பு இயந்திரங்களையும் மீறிக் கேட்டது.

சில மாதங்கள் கழித்து அந்த டேட்டாபேஸைப் புதிதாக அமைத்தார்கள். முகவரி மாறியது; பெயர்ப்பதிவும் தானாகவே மாறிக்கொண்டது. மில்லிலிருந்து எந்தப் போனும் வரவில்லை. அது யாருக்கும் ஒரு செய்தியாகவும் இல்லை.

ஆண்டு மதிப்பீட்டில் மேனேஜர் எனக்கு "ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதியிருந்தார். கீழே ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று இரண்டு பொத்தான்கள். பெரும்பாலானவர்கள் படிக்காமலேயே முதலாவதை அழுத்துவார்கள். நான் இரண்டாவதை அழுத்தினேன்.

அந்த வாரமே அவர் கூப்பிட்டார். "இன்னொரு மில்லு வருது. மூணு நெட்வொர்க்கு. நீ பாக்குறியா? ஆனா நான் சொன்னதச் செய்யணும்."

"பாக்குறேன் சார். சொன்னதச் செய்வேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"சரி, ஃபைல அனுப்புறேன்" என்று போனை வைத்துவிட்டார்.