பாத்தி பார்க்க வரும் தக்ரீத்

பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தியதும் தக்ரீத் இறங்கிவிட மாட்டார். கதவைத் திறந்து, கால்களை மட்டும் வெளியே போட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்தபடி அலுவலகச் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை மாட்டுவார். காவலாளி சலாம் சொன்னால், பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டே பதில் சலாம் சொல்வார். கைப்பையில் பேனா இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. உப்பு டப்பா இருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பார்த்துக்கொள்வார்.

அம்மான் நகரத்துப் பள்ளிகளில் அரசு மானியத்தில் போடும் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, மானியத்தின் மறுபாதியைக் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுவது அவர் வேலை. எழுதுவதற்கு முன் தின்று பார்ப்பார். பச்சை மொச்சையானாலும் முள்ளங்கியானாலும் பாவாடை விளிம்பில் துடைத்து, உப்பைத் தொட்டு, நின்ற இடத்திலேயே கடிப்பார். ஒரு தலைமை ஆசிரியர் கழுவித் தரட்டுமா என்று கேட்டாராம். "வாயில போட்டுப் பார்க்காம கையெழுத்துப் போட நான் என்ன பேங்க் மேனேஜரா?" என்றாராம் இவர்.

மானிய விதியின் முதல் வரி, நகரத்துப் பிள்ளைகள் தாங்கள் விளைவித்ததைத் தின்னப் பழக வேண்டும் என்று சொல்கிறது. கடைசி வரி, விளைச்சல் எத்தனை கிலோ என்று கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதற்குத்தான் சம்பளம் வாங்குவதாகத் தக்ரீத் சொல்லிக்கொள்வார்.

வீட்டில் அவருக்கு ஒரு செடிகூடக் கிடையாது. பால்கனியில் உடைந்த நாற்காலிகளும் கணவர் நாயெஃபின் மீன்பிடித் தூண்டிலும்தான் இருக்கின்றன. "ஊரெல்லாம் தோட்டம் போட வைக்கிறே, எனக்குத் தேத்தண்ணிக்குப் போட ஒரு புதினா இல்ல" என்பார் நாயெஃப். "உங்களுக்கு மானியம் யாரு குடுக்கறா?" என்று கேட்டுவிட்டு, கடையில் வாங்கிய புதினாவையே கிள்ளிப் போட்டுக் கோப்பையை நீட்டுவார் தக்ரீத். அந்தக் கோப்பையில் இருவரும் மாறி மாறிக் குடிப்பார்கள்.

சிரித்த முகந்தான், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இளக மாட்டார். ஒரு பள்ளியில், அவர் வருகிற காலையில் புதினாப் பாத்தி தளதளவென்று இருந்தது. ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். நாற்றங்காலிலிருந்து வந்த பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ந்து வந்தது. மானியம் நின்றது. தலைமை ஆசிரியர் கார்வரை கெஞ்சிக்கொண்டே வந்தார். "வெறும் பாத்தியைக் காட்டுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஜோடிச்ச பாத்தியைக் காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, இவர் பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

சென்ற மாதம் ஜபல் தாஜ் பகுதியில் உள்ள ஒரு பெண்கள் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ருதைனா என்ற இளம் அறிவியல் ஆசிரியை, முற்றத்தில் ஒரு பக்கம் தாரைப் பெயர்த்துவிட்டுக் கொண்டைக்கடலை போட்டிருந்தாள். அந்த இடத்தின்மேல் தலைமை ஆசிரியை இன்சாஃபுக்கு வேறு ஆசை இருந்தது. ஆசிரியைகளின் கார்களை அங்கே நிறுத்தலாம். மானியத்தின் மறுபாதி வந்து தண்ணீர்த் தொட்டியும் குழாயும் போட்டால் சரி, இல்லாவிட்டால் விடுமுறையில் மறுபடியும் தார் போட்டுவிடப் போவதாக அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். அந்தப் பகுதிக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். மாணவிகள் தங்கள் புட்டிகளில் மிஞ்சியதை ஊற்றியே செடிகளைக் காய்க்கும்வரை கொண்டுவந்திருந்தார்கள்.

காய்த்த பிறகுதான் கஷ்டம். அந்தப் பருவத்தில் அம்மான் தெருக்களில் பச்சைக் கொண்டைக்கடலையைச் செடியோடு கட்டுக்கட்டாகத் தள்ளுவண்டியில் விற்பார்கள். வாங்கியவர்கள் உரித்துத் தின்றுகொண்டே நடப்பார்கள். காய்ந்து முற்றும்வரை காத்திருக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? தொடக்கூடாது என்று ருதைனா சொல்லியிருந்தாள். பிள்ளைகளும் ஆளுக்கு ஒன்றுதான் பறித்தார்கள். பள்ளியில் பிள்ளைகள் ஏராளம்.

தக்ரீத் வந்ததும் இன்சாஃப் காபி வைத்தார். தக்ரீத் கோப்பையைத் தொடாமல் மேசையில் விட்டு எழுந்தார். காபியைத் தொடாத விருந்தாளிக்கு முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இன்சாஃபும் பின்னால் நடந்தார்.

முற்றத்தில் ஒரு மேசை, அதன்மேல் பெட்டி நிறையக் காய்ந்த கொண்டைக்கடலை. பக்கத்தில், மாணவிகளை ஏற்றி எடை பார்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பள்ளியில் இருந்த ஒரே தராசு அதுதான். மாணவிகள் வரிசையில் நின்றார்கள். ருதைனா பெட்டியை நேராக்கி வைப்பதும், மறுபடி நேராக்குவதுமாக இருந்தாள்.

தக்ரீத் ஒரு கடலையைக் கடித்துப் பார்த்தார். பிறகு பாத்திக்குப் போய் ஒரு தண்டை வருடி விரலை நக்கினார். கொண்டைக்கடலைச் செடிக்கே உரிய புளிப்பு அப்படியே இருந்தது. செடி நிஜம், இன்னும் பச்சை. காய்தான் ஒன்றுகூட இல்லை.

"அந்தக் காஞ்ச கடலையை எந்தக் கடையில வாங்கினே?"

"முக்குக் கடையில மேடம்" என்றாள் ருதைனா. "தாரு போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன்."

தக்ரீத் காகிதத்தை எடுத்தார். பேனாவுக்காகப் பையைத் துழாவினார். இன்சாஃப் தன் பேனாவை மூடி கழற்றியே நீட்டினார்.

அப்போது வரிசையிலிருந்து ஜுமானா என்ற நான்காம் வகுப்புக்காரி முன்னால் வந்தாள். "நாங்கதான் தின்னுட்டோம் மேடம். மிஸ் வேணாம்னுதான் சொன்னாங்க."

"நீ எவ்வளவு தின்னே?"

"ஒண்ணே ஒண்ணு."

"பொய் மேடம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இவ பாக்கெட்டைப் பாருங்க."

வரிசை குலுங்கிச் சிரித்தது.

"எப்படி இருந்துச்சு?"

ஜுமானா யோசித்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு. உப்பு இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

தக்ரீத் பிறகு கடைக்கடலைப் பெட்டியைத் தூக்கி ருதைனாவின் கையில் வைத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோய் ஊற வை. இனிமே என்கிட்ட இந்த வேலை வேணாம்." ருதைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

"அப்ப விளைச்சல் ஒண்ணுமில்லன்னு எழுதிடலாம் இல்லையா?" என்று இன்சாஃப் மெதுவாக நினைவூட்டினார்.

தக்ரீத் ஜுமானாவின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் எடை இயந்திரத்தின்மேல் நிறுத்தினார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு விறைப்பாக நின்றாள். தக்ரீத் மூக்குக்கண்ணாடியை மாட்டி, அவள் காலடியில் குனிந்து முள்ளைப் படித்து, காகிதத்தில் விளைச்சல் என்ற வரிக்கு நேரே எழுதினார். எழுதிவிட்டு, நிமிராமலேயே, அடுத்தவளை வரச்சொல்லிக் கையை ஆட்டினார்.