துரையின் முள்ளுக்கம்பி

"துரை மோசம் போயிட்டாராம், தம்பி" என்று இராசன் அண்ணை தொலைபேசியில் சாவுச் செய்தி சொன்னபோது, செயின்ட்-மிஷேலில் எங்கள் தெருமுனை டெபனர் சில்லறைக்கடையில் ஸ்ட்ரோபெரிப் பெட்டியொன்றை முகர்ந்துகொண்டு நின்றேன். கடைக்காரர் முறைத்தார். முகராமல் பழம் வாங்க எனக்கு இன்னும் பழகவில்லை.

துரை என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் மிஸியூ கில்பேர். ஒரு காலத்தில் பிரான்ஸ் அரசன் கொடுத்த ஆற்றங்கரைக் காணியில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பம். நான் கனடாவுக்கு வந்த புதிதில், கோடையில் இராசன் அண்ணையோடு அவருடைய தோட்டத்தில் பழம் பிடுங்கப் போனேன். பிடுங்கியதைவிடத் தின்றதுதான் கூட. துரை கண்டும் சிரித்துவிட்டுப் போவார். மத்தியானத்தில் தன் கையாலேயே குளிர்தண்ணீர் கொண்டுவந்து தருவார். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன செய்ய?

தோட்டத்துக்குக் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. பூர்வகுடி மக்கள், காணியின் கோடியில் தங்கள் முன்னோரைப் புதைத்த மேட்டுக்கு அதால்தான் போய்வந்தார்கள். துரையின் தகப்பன் காலம்வரை ஒருவரும் மறிக்கவில்லை. இவர் முள்ளுக்கம்பி அடித்தார். பத்திரிகைகளில் படம் வந்தது. சிலருக்கு வீரன், சிலருக்குக் கள்ளன்.

ஒருநாள் வயதான பெண்ணொருவர் கையில் ஒரு பிடி புகையிலையோடு வேலிக்கு வெளியே வந்து நின்றார். முன்னோருக்குப் படைப்பதற்காம். புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு அந்த மணம் போதும். ஒரு கணம் ஊருக்குப் போய்விட்டேன். அதற்குள் துரை எங்களைக் காட்டி அவரிடம் உரத்து ஏதோ சொன்னார். பிரெஞ்சு தெரிந்த இராசன் அண்ணை மெல்லச் சொன்னார்:

"இவையைப் பாருங்கோ, எங்கையோ இருந்து வந்தும் கேட்டுத்தான் உள்ள வருகினம், நல்ல ஆக்கள் எண்டுறார்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். இன்றைக்கும் நினைத்தால் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாத சிரிப்பு.

அந்த அம்மா எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்னவாம் அண்ணை?"

"உங்கட காணி எங்க எண்டு கேக்கிறா."

"சொல்லுங்கோவன்."

அண்ணை குனிந்து மறுபடி பழம் பிடுங்கத் தொடங்கினார். எங்கள் இருவருடைய காணியும் அப்போது ஊரில் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தது. அந்த அம்மா புகையிலையை வேலிக் கட்டையடியில் வைத்துவிட்டுப் போனார்.

பாதையைத் திறக்கச் சொல்லி அந்த மக்கள் போட்ட வழக்கில் துரைதான் வென்றார். ஆனால் அயலவர்கள் பேச்சை விட்டார்கள். ஒரே மகள், இந்த மண் தனக்கு வேண்டாமென்று போய்விட்டாள். வயதான காலத்தில் காணியை விற்றுவிட்டு லாசாலில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியே இருந்தார். இராசன் அண்ணை ஒருதரம் போய்ப் பார்த்திருக்கிறார்.

"அண்டைக்கு அந்த மனிசிக்கு ஏன் மறுமொழி சொல்லேல்லை எண்டு கேட்டார், தம்பி. வெக்கமாக் கிடந்தது எண்டன். 'எனக்கும்தான்' எண்டிட்டு யன்னலையே பாத்துக்கொண்டிருந்தார்."

இப்போது அங்கே தோட்டமுமில்லை, வேலியுமில்லை. அந்தப் புதைமேட்டையும் தட்டி மட்டமாக்கி வரிசை வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள். ஒன்றை என் மச்சான் வாங்கியிருக்கிறான். குடிபூரலுக்குப் போனபோது பின்வளவைக் காட்டிப் பெருமையாகச் சொன்னான்:

"முந்தி இஞ்ச ஒண்டுமே இல்லை, அத்தான். வெறுங்காணி."