வெர்னாவின் ஜன்னல் முன் கூட்டம்

கெல்லர்ட்டன் என்ற எங்கள் சின்ன ஊரில் வங்கிக் கிளை என்றால் அது வெர்னாதான். மேனேஜர் வாரத்தில் ஒருநாள் தலைகாட்டுவார். மற்றபடி கவுண்டரில் அவள் ஒருத்திதான். மத்தியானம் கதவில் பலகையைத் தொங்கவிட்டு எதிர்த்தெரு முதியோர் இல்லத்துக்குப் போவாள். அவள் புருஷன் எமில் பக்கவாதத்தில் அங்கே கிடக்கிறான். அவள் ஊட்டினால்தான் வாய் திறப்பான். நர்ஸ் ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வான்.

போன பிப்ரவரியில், கிளை எவ்வளவு திறமையாக ஓடுகிறது என்று அளக்கத் தலைமையகம் ஒரு பெண்ணை அனுப்பியது. தேறாவிட்டால் மூடிவிடுவார்கள். வெர்னாவை ரெஜைனா நகரக் கிளைக்கு மாற்றுவார்கள், காரில் ஒன்றரை மணி நேரம். எமிலுக்கு யார் ஊட்டுவது?

ஓட்டல்கார கர்டிஸ் பாரில் கத்தினான்: "எல்லாரும் நாளைக்கு பேங்குக்கு வாங்கடா! கூட்டத்தைப் பாத்து அந்தப் பொண்ணு மிரளணும்!"

போனோம். பனியில் தெருமுனைவரை வரிசை. கர்டிஸ் கணக்கில் இருபது டாலர் போட்டான், திரும்ப வந்து அதையே எடுத்தான்.

"என்ன கர்டிஸ், மண்டையில பனி ஏறிடுச்சா? எத்தனை தடவைடா வருவ?"

"உன் மூஞ்சியைப் பாக்கத்தான் வெர்னா."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வரிசை நகரவே இல்லை. மத்தியானம் அவளால் எதிர்த்தெருவுக்குப் போக முடியவில்லை. எமில் பட்டினி கிடந்தான்.

சாயங்காலம் வங்கி ஹீட்டரைப் பழுதுபார்க்கப் போன நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எப்படிம்மா எங்க கூட்டம்?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இதே அளவு இருக்கிற மத்த கிளைகளோட ஒப்பிடுவோம் சார். எவ்வளவு நேரம் செலவாகுது, அதுக்கு என்ன வேலை நடக்குதுன்னு. இங்க நாள் முழுக்கப் போயிருக்கு, எல்லாம் ஏடிஎம் மெஷினே செய்யற வேலை. ஒரு லோன்கூட இல்ல. ஜனங்க வேற ரொம்ப நேரம் காத்துக் கிடந்தாங்க. கூட்டமே வராம இருந்திருந்தா மார்க் இதைவிட நல்லா வந்திருக்கும்."

"அவ புருஷனுக்குச் சோறு ஊட்டணுமேம்மா."

"அதை எழுத இதுல இடம் இல்ல சார்."

கோடையில் மூடினார்கள். வெர்னா விடிவதற்குள் கிளம்பிப் போய், இருட்டிய பிறகு வருகிறாள். மத்தியானம் எமிலுக்கு ஊட்ட நாங்கள் மாறிமாறிப் போகிறோம். கர்டிஸ்தான் அதிகம் போகிறான்.

"ஒரு வாய்டா எமில். என்னைத் திட்டணும்னா சாப்பிட்டுத் திட்டுடா."

எமில் பல்லைக் கடித்துக்கொண்டு கதவையே பார்க்கிறான். சூப் ஆறிப்போகிறது. கர்டிஸ் கிண்ணத்தை எடுத்துப் போய், சூடுபண்ணிக்கொண்டு திரும்ப வந்து உட்காருகிறான்.