மிச்சப் பலகையில் செடிப்பெட்டி

கள்ளக்குறிச்சியில் சவப்பெட்டி செய்யும் ஆல்பர்ட்டுக்கு, மிஞ்சும் துண்டுப் பலகைகளை எரிக்க மனம் வரவில்லை. மாடிப் போர்ஷன்களில் குடியிருப்பவர்கள் கைப்பிடிச் சுவர் ஓரம் வைத்துக்கொள்ளட்டும் என்று சின்னச் சின்னச் செடிப்பெட்டிகள் அடித்தார். அடியில் நாலு ஓட்டை, உள்ளே பழைய சிமெண்ட் சாக்கு, அவ்வளவுதான். அந்த விலைக்கு மண்தொட்டிகூடக் கிடைக்காது.

வந்தவர்கள் தட்டிப் பார்த்தார்கள். பிறகு கடைக்குள் நிமிர்த்தி வைத்திருந்த பெரிய பெட்டிகளைப் பார்த்தார்கள்.

"அந்தப் பலகைதாங்களா இதுவும்?"

பொய் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. "அதேதாங்க" என்றார். போய்விட்டார்கள்.

கடைசியில் ஒன்றில் மண் நிரப்பி, கற்பூரவல்லிக் கிளையை நட்டு, வீட்டுக்குத் தூக்கிப்போனார். மனைவி உபகாரமேரி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"வூட்டுக்குள்ள வேணாங்க. செடி நல்லாத்தான் இருக்குது. கடையிலயே இருக்கட்டும்."

இத்தனை வருஷமாக அந்தப் பலகைதான் சோறு போடுகிறது. அதைச் சொல்லிக் காட்டவும் அலுப்பாக இருந்தது. இடுப்பு வலிக்க மறுபடி சுமந்துவந்து கடைவாசலில் வைத்தார்.

அங்கே செடி நன்றாகத் துளிர்த்தது. ஆனால் தெருப்பக்கம் மட்டும் இலையே நிற்பதில்லை. சவப்பெட்டி செய்யச் சொல்ல வருகிறவர்கள் அதன் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். இறந்தவர் எவ்வளவு உயரம் என்று ஆல்பர்ட் கேட்டதும் அவர்கள் கை தானாகப் போய் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்குகிறது. உயரம் அதற்குப் பிறகுதான் வாயில் வருகிறது.

அவர்கள் போன பிறகு ஆல்பர்ட் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பக்கத்தில் வைக்க இன்னொரு செடிப்பெட்டி அடித்திருக்கிறார். அது விற்பதற்கில்லை.