பசுமலைக்கு மீன் காசு காட்டப் போனேன்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுமலையில் பஸ் ஏறினேன். உசிலம்பட்டி வழியாக மதுரை முப்பத்து நான்கு மைல். அங்கிருந்து பசுமலைக்குக் குதிரை வண்டியில் இன்னும் மூன்று. போடி ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போன பிறகு எங்கள் பக்கத்தாருக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓட்டும் கரிவாயு பஸ்தான் கதி. கட்டணம் பதினோரு அணா. மடியில் வைத்த குழந்தைக்கு ஒன்றும் கிடையாது.

உண்மையில் போகவேண்டியவர் என் கணவர். பள்ளிக்கூட வாத்தியாரான அவர் பழங்காசு சேர்க்கிறவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பசுமலையில் டிராயிங் மாஸ்டர் வீட்டில் நான்கு பேர் கூடி, புதிதாகக் கிடைத்த காசுகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். இம்முறை பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரவிருந்ததால் என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

"நீதான் எட்டாவது படிச்சவளாச்சே. பழைய எழுத்தும் ஒனக்குத் தெரியும். போய்க் காட்டிட்டு, என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா" என்றார்.

உழவில் அகப்பட்ட செம்புக் காசு அது. ஒரு பக்கம் இரட்டை மீன். என் முந்தானையில் அவரே வைத்து முடிந்து, அதற்கு மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.

மகள் பேச்சிக்கு ஒன்றேகால் வயது. விட்டுப் போக வீட்டில் வேறு ஆள் இல்லை. கூட்டிப் போவதா, நானே போகாமல் இருப்பதா என்று வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்தேன். கடைசியில், வழியில் அழாமலிருக்கட்டும் என்று கருப்பட்டித் துண்டுகள் ஐந்தாறு பொட்டலம் கட்டிக்கொண்டேன்.

உசிலம்பட்டியில் ஏழரை. கரி போட்டுக் கிளற பஸ் அரைமணி நேரம் நின்றது. ஒரு ரூபாய் கொடுத்துவிட்டு மீதிக்குக் காத்திருந்தேன்.

"சில்லறை இல்லம்மா. அம்புட்டுக் காசையும் எவனோ பானையில போட்டு மூடி வச்சிட்டான்" என்றார் கண்டக்டர்.

"ஒங்க மொதலாளி வீட்டுப் பானையத் தொறந்து பாருமய்யா" என்றார் முன் சீட்டில் இருந்த பெரியவர்.

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் திருட்டுச் சொத்தைப் போல முந்தானை முடிச்சைப் பொத்திக்கொண்டிருந்தேன். மீதி ஐந்து அணா செக்கானூரணி தாண்டித்தான் வந்தது.

மதுரையில் பத்தரை. வண்டிக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு வந்தார். பதினொன்றரைக்குப் பசுமலை. மாஸ்டரின் மனைவி மேரியக்கா நர்ஸ் வேலை பார்க்கிறவர். குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக் குளிப்பாட்டி, சோறு ஊட்டினார். நான்கு மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

இரண்டு மணிக்குக் கூடத்தில் பாய் விரித்தார்கள். மாஸ்டர், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், மதுரையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ராவுத்தர், நான், என் பக்கத்தில் கருப்பட்டியைச் சப்பிக்கொண்டு பேச்சி. உருக்குவதற்காக நிறுத்து வாங்கும் பழைய செம்பிலிருந்து காசுகளைப் பொறுக்குகிறவர் ராவுத்தர். ஆனால் அன்று அவர் கொண்டுவந்தது தங்கம். வைகை மணலை அரிக்கிறவர்களிடம் கிடைத்த, பணம் என்கிற பழங்காலப் பொன் காசு. துவரம்பருப்பைவிடச் சிறியது.

"போன தடவை போஸ்ட்மாஸ்டர் ஒரு பணத்தைப் பாயில உட்டுட்டு, ராத்திரி வரைக்கும் தவழ்ந்தாரு. அதான் இந்தத் தடவை ஏற்பாடு" என்றார் ராவுத்தர். புளியங்கொட்டை அளவு தேன்மெழுகில் பணத்தைப் பதித்திருந்தார். மெழுகைப் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும்.

அவர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு காசுக்கும் ஒரு காகித மடிப்பு. அது யார் யார் கைமாறி வந்தது என்று அதில் எழுதி வைப்பார்கள். ராவுத்தர் வாசித்தார்: "மணல் அரிக்கிற கருப்பன். தட்டார் சுப்பையா. அப்புறம் நான்."

மெழுகு என் கைக்கு வந்தது. லென்ஸில் பார்த்தேன். சிங்கம் போலவும் தெரிந்தது, பூ போலவும் தெரிந்தது. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று லென்ஸை இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தேன்.

"வாத்தியார் என்ன குடுத்து விட்டாரு? அதையும் காட்டு தங்கச்சி" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

மெழுகைப் பாயில் வைத்துவிட்டு முந்தானையை எடுத்தேன். இரண்டாவது முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். பக்கத்தில் பேச்சியின் வாய் அசைவதைப் பார்த்தேன். கருப்பட்டிதானே என்று மறுபடியும் முடிச்சோடு மல்லுக்கு நின்றேன்.

"பணம் எங்கம்மா?" என்றார் ராவுத்தர்.

மெழுகு கருப்பட்டி நிறத்தில் இருந்தது அப்போதுதான் என் புத்தியில் பட்டது. விரலைக் குழந்தையின் வாய்க்குள் விட்டேன். பல்லிடுக்கில் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

மேரியக்கா ஓடிவந்து டார்ச் லைட் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். "மூச்சு நல்லா இருக்கு. உள்ள போயிருச்சு. பேதி மருந்து ஒண்ணும் வேண்டாம். வாழைப்பழம் குடுப்போம், தானா வந்திரும்."

"காசு கெடக்குதும்மா, புள்ளயப் பாருங்க" என்றார் ராவுத்தர். சொல்லும்போதே அவர் கண் பாயில் தேடியது. அதற்காக அவரை நான் குறை சொல்லமாட்டேன். போஸ்ட்மாஸ்டர் மறுபடியும் தவழ்ந்துகொண்டிருந்தார். நான்கு பேரின் கூட்டத்துக்குப் பெண்பிள்ளையை அனுப்பினால் இப்படித்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான்கு மணி பஸ்ஸில் நான் போகவில்லை. மாஸ்டர் மதுரைக்கு சைக்கிளில் போய் டிரைவரிடம், "பேச்சி நல்லா இருக்கா, நாளைக்கு வாரோம்" என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். வார்த்தைகள் என்னுடையவை. சைக்கிள் போன பிறகு, கேட்காமலே நன்றாயிருக்கிறாள் என்று சொன்னால் மனிதர் பயப்படமாட்டாரா என்று தோன்றிவிட்டது. மாலைக்குள் பேச்சி மூன்று வாழைப்பழம் தின்றாள். அவள் சிரித்தால் எனக்குப் பயம், தூங்கினால் அதைவிடப் பயம். அவள் வயிற்றில் கையை வைத்தபடியே படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகால். மேரியக்கா கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிட்டார். "ஏ தங்கச்சி, வந்து பாரு! ஒம் மக தங்கமா பெத்துட்டா!"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்று தண்ணீரில் கழுவி, சோப்புப் போட்டு, மறுபடியும் கழுவினோம். சொல்லியனுப்பியதும் ராவுத்தர் வந்தார். வந்தவர் முதலில் குழந்தையைத்தான் பார்த்தார். பணத்தை முகர்ந்து பார்க்கவும் தவறவில்லை. பிறகு காகித மடிப்பை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"பேரு என்னம்மா?"

"வேண்டாம் பாய், அதையெல்லாமா எழுதுவாங்க?"

"எது வழியா வந்துச்சோ அதை எழுதணும். நாளைக்கு எவனாச்சும், இந்தப் பணத்துல மட்டும் ஏன் இம்புட்டுப் பளபளப்புன்னு கேப்பான்ல?"

கருப்பன், சுப்பையா, தன் பெயர் ஆகியவற்றுக்குக் கீழே நிதானமாக எழுதினார்: பேச்சியம்மாள், எழுமலை. அதற்கும் கீழே மறுபடியும் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

பகல் ஒன்றரை பஸ். அதே பதினோரு அணா. போகும்போது பார்க்காத நாகமலையைத் திரும்பும்போதுதான் பார்த்தேன். சாலைக்கு வடபுறம் வெகுதூரம் கூடவே வந்தது. கரி கிளற வண்டி நின்றபோது கீழே இறங்கிக் குழந்தைக்கு வேடிக்கை காட்டினேன். வீட்டுக்குப் போனதும் செய்யவேண்டியதை எண்ணிக்கொண்டேன். அவருடைய காசுப் பெட்டி கீழ்த்தட்டில் இருக்கிறது, பரணுக்கு ஏற்றவேண்டும். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஆணிகள் கிடக்கின்றன. உரலடியில் புளியங்கொட்டை. பசுமலையில் விழுங்க ஒரே ஒரு மெழுகுதான்; எங்கள் வீட்டில் எத்தனையோ.

எழுமலையில் இறங்கும்போது மணி ஆறு. அவர் பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றிருந்தார். முதல் நாளிலிருந்து நின்றவர் மாதிரி இருந்தார். குழந்தையை வாங்கி, நெற்றியைத் தொட்டு, கைகால்களைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு முகம் தெளிந்தது.

"சரி, காசைப் பாத்து என்ன சொன்னாங்க?"

"எந்தக் காசை?" என்றேன்.

அவர் என் முந்தானையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு முடிச்சும் அவர் போட்டபடியே இருந்தன.