மோர்ப் பந்தலில் ஒரு பீங்கான் ஜாடி

பீங்கான் தொழில் படித்து, விருத்தாசலத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாசி மகத்தன்று எங்கள் தெரு மோர்ப் பந்தலுக்கு, நானே வார்த்துச் சுட்ட பெரிய ஜாடியில் மோர் கொண்டுபோனேன்.

"சாமி காரியத்துக்குப் பீங்கான் ஆவாதும்மா. வூட்டுக்கு எடுத்துட்டுப் போ," என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

"ஓரமா இருக்கட்டுங்க அத்தை," என்று சொல்லி அங்கேயே நின்றேன்.

உச்சி வெயிலில் அவருடைய பித்தளை அண்டா காலியானது. மணிமுத்தாற்றில் குளித்து வந்த கூட்டமோ குறையவில்லை. நல்லூரிலிருந்து நடந்தே வந்த கர்ப்பிணி ஒருத்தி, "கொஞ்சம் மோரு ஊத்துங்கம்மா," என்று கை நீட்டினாள். அத்தை ஒரு கணம் தயங்கினார். பிறகு என் ஜாடியிலிருந்து மொண்டு ஊற்றினார். அவள் குடித்து முடித்ததும், தன் உள்ளங்கையிலும் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார்.

"உப்பு பத்தல. இவ்ளோ படிச்சு என்னத்துக்கு?" என்றார் என்னிடம்.

உப்பு எடுத்துவர ஓடினேன். காலையில் அவரோடு வாதாடியிருந்தால், ஜாடியோடு வீட்டுக்குத்தான் போயிருப்பேன்.