சொல்லாமல் திருத்திய புள்ளி

போன மாதம் ஒரு காலை. பக்கத்து வீட்டுச் செல்வராசு என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். கத்துகிற மனிதர் அல்ல அவர். பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

செல்வராசு இங்கே அரியலூரில் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மனைவி தேன்மொழி ஆபீஸ் போயிருந்தார். செல்வராசுவின் மடியில் ஒன்றரை வயது மகள் யாழினி, கையில் மருந்து பாட்டிலின் அளவு மூடி.

"சார், டாக்டர் அனுப்புன மெசேஜைக் கொஞ்சம் படிச்சு சொல்லுங்க. இருபத்தஞ்சுன்னுதானே போட்டிருக்கு?"

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். 2.5மி.லி.

"ரெண்டரை சார்."

மூடியை அவர் கீழே வைத்தார். "ஒரு மூடி குடுத்துட்டேன். பத்து மில்லி போயிடுச்சு. ரெண்டாவது ஊத்தும்போதுதான்... சளி மருந்து இவ்ளோ எதுக்குன்னு தோணுச்சு."

குழந்தையின் கண் செருக ஆரம்பித்திருந்தது. காரை எடுத்தேன். சிமென்ட் லாரிகளுக்கு நடுவே ஹார்ன் அடித்துக்கொண்டே போன அந்தப் பயணத்தை விவரிக்க எனக்கு இப்போதும் தெம்பு இல்லை. பின்சீட்டில் செல்வராசு மகளின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ஒவ்வொரு முறை முனகும்போதும் ஒரு மூச்சு விட்டார்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை படுக்க வைத்துக் கவனித்தார்கள். "இனிமே பயம் இல்ல. இன்னொரு மூடி போயிருந்தா நான் இப்படி சொல்லிக்கிட்டு நிக்க மாட்டேன்" என்றார் டாக்டர். யாழினி கண் விழித்துப் பால் கேட்டாள். தேன்மொழி அழுதார். செல்வராசு குழந்தையின் பாதத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ரெண்டரை எப்படி இருபத்தைந்து ஆனது?

செல்வராசு கம்ப்யூட்டரைக் காதால் படிக்கிறவர். திரையில் உள்ள தமிழை உரக்கப் படித்துக் காட்டும் ஓர் இலவச மென்பொருள் அவரிடம் இருக்கிறது. அதை எழுதியவர் ஜெயங்கொண்டத்துக்காரர், மணிமாறன். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர். லீவு நாட்களை இந்த மென்பொருளுக்குக் கொடுப்பவர். அதில் ஒரு கோளாறு. எண்ணை ஒட்டி இடைவெளி விடாமல் தமிழ் எழுத்து வந்தால், நடுவில் உள்ள புள்ளியை அது விழுங்கிவிடும்.

மறுநாள் செல்வராசு இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பள்ளிக் கம்ப்யூட்டரிலும் அதே மென்பொருள்தான். அங்கே அதே மெசேஜைப் போட்டுப் பார்த்தார். "இரண்டு புள்ளி ஐந்து" என்றது, தெளிவாக!

இது என்ன கூத்து?

மணிமாறனுக்கு எழுதினோம். அவர் தேடிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். விஷயம் இதுதான். இந்த மாதிரித் திறந்த மென்பொருள்களை எழுதுபவர் ஒருவர். அதை எடுத்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் தொகுப்பில் சரியாக ஓடும்படி கட்டி, பயன்படுத்துகிறவர்களுக்கு அனுப்புபவர் இன்னொருவர் — பேக்கேஜ் மெயின்டெய்னர். இருவருக்குமே இதில் சம்பளம் இல்லை. கட்டுகிறவர் பிழை கண்டால் திருத்தலாம், உரிமை உண்டு. எழுதியவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது வழக்கம்.

பள்ளியில் இருந்தது லினக்ஸ் தொகுப்போடு வந்த பிரதி. வீட்டில் இருந்தது மணிமாறனின் தளத்திலிருந்து நேராக இறக்கியது. தொகுப்பில் அந்தப் புள்ளியை எப்போதோ திருத்திவிட்டார்கள். மணிமாறனுக்கு மட்டும் சொல்லவில்லை. திருத்தியவர் ஷாகிதா — பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். அவரும் மணிமாறனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

செல்வராசுதான் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காபி டம்ளரைக் கையில் வாங்கும் முன்பே மணிமாறன் ஆரம்பித்துவிட்டார்.

"தெரிஞ்சிருந்தும் சொல்லாம இருந்திருக்கீங்க. ஒரு மெயில் போட எவ்ளோ நேரங்க ஆவும்?"

ஷாகிதா நிதானமாகக் கேட்டார். "நான் மொத தடவ ஒரு திருத்தம் அனுப்பினேனே, என்ன பதில் போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்?"

பதிலையும் ஷாகிதாவே சொன்னார்: "'கட்டி அனுப்புறது மட்டும்தான் உங்க வேலை, நான் எழுதுன புரோகிராம்ல கை வைக்காதீங்க.' எல்லாரும் படிக்கிற எடத்துல போட்டீங்க. எங்க காலேஜ் புள்ளைங்க வரைக்கும் படிச்சிச்சு."

"நீங்க மாத்துன பிரதியில ஏதோ உடைஞ்சிடுச்சுங்க. ஜனங்க என்னைத்தான் திட்டுனாங்க. நான் பண்ணாத தப்பைத் தேடி ஒரு பொங்கல் லீவே போச்சு. அந்தக் கடுப்புல போட்டது."

"அதை எனக்குத் தனியா சொல்லியிருக்கலாமே? அதுக்கப்புறம் உங்க பக்கமே வர வேணாம்னு இருந்துட்டேன். என்கிட்ட வாங்குறவங்களுக்குச் சரியா போனா போதும்னு நெனச்சேன்."

யோசித்துப் பார்த்தால் இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது செல்வராசு பேசினார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லைன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? பள்ளிக்கூடத்துலயும் அதே குரல், வூட்லயும் அதே குரல். நான் அந்தக் குரலை நம்பித்தான் எம் புள்ள வாயில ஊத்துனேன்."

யாழினி தரையில் உட்கார்ந்து ஷாகிதாவின் செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தாள். ஷாகிதா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகுதான் அவர் கண்கள் கலங்கின.

லேப்டாப் திறக்கப்பட்டது. ஷாகிதா திருத்தத்தை அனுப்பினார். மணிமாறன் வரி வரியாகப் படித்துப் பார்த்து, ஷாகிதாவின் பெயரோடு தன் மென்பொருளில் சேர்த்தார். "அந்தப் பழைய பதிலை அழிச்சிடட்டுங்களா?" என்று தயங்கிக் கேட்டார்.

"வேணாம் சார். அது இருக்கட்டும். கீழ ஒரு வரி எழுதுங்க."

எழுதினார். 'நான் இப்படிச் சொன்னது தவறு. திருத்தங்களை அனுப்புங்கள்.' அவ்வளவுதான். சிரித்துப் பேசி நண்பர்களாகிவிட்டார்கள் என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். விடைபெறும்போதும் இருவர் பேச்சிலும் ஒரு விறைப்பு இருக்கத்தான் செய்தது.

ஆபீஸில், குடும்பத்தில், அபார்ட்மென்ட் சங்கத்தில்... 'அவர்கிட்ட போய் யாரு பேசுறது?' என்று நாமும் எத்தனை விஷயங்களை நம் பக்கம் மட்டும் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுகிறோம்! சண்டை போடுகிறவர்களாவது பேசுகிறார்கள். பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு நல்லவர்களுக்கு நடுவில், சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் அல்லவா மாட்டிக்கொள்கிறார்?

ஷாகிதா பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். செல்வராசு கேட்டார்: "மேடம், வேற யாரு எழுதுன சாஃப்ட்வேர்லயாவது இந்த மாதிரி சொல்லாம திருத்தி வச்சிருக்கீங்களா?"

அவர் நின்றார். "இருக்குங்க" என்றார் மெதுவாக. திரும்பி வந்தார். பையைக் கழற்றி வைத்துவிட்டு, லேப்டாப்பை மறுபடி திறந்து முதல் மெயிலை எழுத ஆரம்பித்தார்.

பெரம்பலூர் பஸ் போய்விட்டது. விட வேண்டிய பஸ்தான்.